கொடி இறங்காது

"கொடியை இறக்குங்க, நடீன்! இன்னிக்கு உங்க ஸ்டிக்கரை உரிக்காம நான் கரைக்குப் போறதா இல்ல!"

ஹார்லன் போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டார்.

கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சொந்தமான ஏரி அது. சங்கத்தின் ஸ்டிக்கர் ஒட்டாத படகு தண்ணீரைத் தொட முடியாது. சங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு ஹார்லன் தலைவர். மிஷிகன் முழுக்கப் பழைய டிராக்டர் வாங்கி விற்று முன்னுக்கு வந்த மனிதர். பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லை. காலைக் காபி ஆறுவதற்குள் ரோந்துப் படகில் ஏறிவிடுவார்.

எதிரே, பக்கத்து வீட்டு நடீனின் பான்டூன் படகு. இரண்டு நீள மிதவைகள்மேல் பலகை அடித்து, சோபா போட்ட கூடம் மாதிரி இருக்கும். அதன் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி.

அந்தக் கொடி ஏறினால் தண்ணீரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற படகுகள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போக வேண்டும். ஆளே இல்லாமல் ஏற்றினால் அது பொய்க்கொடி. கோடை முழுக்கப் படகைக் கரையில் கட்டிவிட வேண்டியதுதான்.

நடீன் இந்த வாரம் தினமும் ஏற்றுகிறாள். தண்ணீரிலோ ஒரு வாத்துகூட இல்லை.

"ஆள் எங்க?"

"தண்ணியில."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"சரி, காட்டுங்க."

"காட்டவும் மாட்டேன்."

"என்ன, மீனா?"

"மீனுக்குக் கொடி ஏத்தற அளவுக்கு எனக்கு இன்னும் பித்து முத்தலை, தலைவரே."

ஹார்லன் பல்லைக் கடித்தார். அவள் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தலை இல்லை, கை இல்லை, ஒரு நீர்க்குமிழிகூட இல்லை.

"பக்கத்து வீடாச்சேன்னு ஒரு வழி சொல்றேன். நீங்களே கொடியை இறக்குங்க. நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன். ஸ்டிக்கர் பிழைக்கும்."

"ஆள் மேல ஏறாம கொடி இறங்காது."

"ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு உங்க மக குடும்பத்தோட வர்றா. ஊரே தண்ணியில இருக்கும், உங்க படகு மட்டும் கரையில கிடக்கும். சம்மதமா?"

நடீனின் முகம் வாடிவிட்டது. மகள் இந்தப் பக்கம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்தத் தடவை வரக் காரணமே படகுதான். ஆனாலும் கொடிக் கம்பத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"கிடந்தா கிடக்கட்டும். தண்ணியில ஆள் இருக்கும்போது கொடியை இறக்கறவன் கொலைகாரன்னு கூட்டத்துல மேஜையைக் குத்தினது யாரு? நீங்கதானே?"

"என் வாயை எடுத்து என்னையே கடிக்கறீங்களா? நீங்க இறக்கலைன்னா நான் இறக்கறேன்!"

படகை ஒட்டி நிறுத்தினார். ஒரு காலைத் தன் படகில் வைத்து, மறு காலை அவள் படகில் ஊன்றிக் கம்பத்தை எட்டினார்.

இரண்டு படகில் கால் வைத்தவன் கதி தெரிந்ததுதானே? படகுகள் விலகின. கால்களும் விலகின.

தொபீர்.

அவருடைய லைஃப் ஜாக்கெட் விதிப்படி படகில்தான் இருந்தது. இருக்கையின் முதுகில்.

வாய் நிறையத் தண்ணீர். நடீன் எறிந்த மிதவை வளையம் முகத்துக்கு நேரே வந்து விழுந்தது. கைகள் அதைத் தவிர எல்லாவற்றையும் அடித்தன. ஒருமுறை முழுகினார். மேலே வந்தார். மறுபடி முழுகினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் மோவாய்க்குக் கீழே வளைத்துப் பிடித்தது.

"உதைக்காத! மல்லாந்து படு! வானத்தைப் பாரு, வானத்தை!"

காதில் தண்ணீர் அடைத்திருந்தும் அந்தக் குரல் அவருக்குத் தெரிந்தது. கை அவரை ஏணி வரை இழுத்துப்போய், மேலே தள்ளியது.

பலகையில் குப்புற விழுந்து இருமினார். பின்னாலேயே ஏறி வந்தாள், நீச்சலுடையும் ரப்பர் தொப்பியுமாக, அவர் மனைவி லெனோர். இவ்வளவு நேரமும் பலகைக்கு அடியில், இரண்டு மிதவைகளுக்கு நடுவே ஒளிந்திருந்திருக்கிறாள்.

நடீன் அப்போதுதான் கொடியை இறக்கினாள்.

"நீயா? நடக்கப் போறேன்னு சொன்னியே!"

"நடந்தேனே. நடீன் வீட்டுப் படகுத்துறை வரைக்கும்."

"கழுத்தளவுத் தண்ணிக்கே அலறுவியே, லெனோர்!"

"குளிர்காலம் பூரா டவுன் நீச்சல்குளத்துல கத்துக்கிட்டேன். ஏரியில பழக ஒரு வாரமாத்தான் இவ துணைக்கு வர்றா."

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா," என்றாள் நடீன். "ஏன்னு அவ சொல்லலை, நானும் கேட்கலை. விடுங்க ஹார்லன், பூட்ஸோட விழுந்தா எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் முழுகத்தான் செய்வான்." துண்டு எடுக்கப் படகின் அந்தக் கோடிக்குப் போனாள்.

"இந்த வயசுல இந்த வீம்பு எதுக்குடி உனக்கு?" ஹார்லனின் பற்கள் குளிரில் தந்தியடித்தன. "அதுவும் எனக்குத் தெரியாம?"

லெனோர் அவர் காதருகே குனிந்தாள். நடீனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாதுகாப்புக் குழுத் தலைவருக்கு நீச்சல் தெரியாதுங்கறது இந்த ஏரியில எனக்கு மட்டும்தானே தெரியும்?"