மடிப்புக் கலையாத சட்டைகள்

நாங்கள் ஒரு வாரம் சுற்றிவரப் போகவிருந்த உல்லாசக் கப்பல் கிளம்பவே இல்லை. இன்ஜின் கோளாறு, பயணம் ரத்து என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று, இனி எந்த முகத்தோடு கடையைத் திறப்பது? அந்த வாரம் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நானும் மனைவியும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம்.

முன்கூட்டியே கப்பலுக்கு அனுப்பியிருந்த பெட்டி வாரக் கடைசியில் திரும்பி வந்தது. அவள்தான் திறந்தாள். உள்ளே அழுக்குத் துணிகள் தனிப் பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவள் போடும் அதே முடிச்சு.

"யாரோ எடுத்து உடுத்தியிருக்காங்க" என்றேன்.

சட்டைக் காலரை மோந்து பார்த்தாள். "உங்க வேர்வைதாங்க."

எங்களுடையது சலவைக்கடை. இந்த விஷயத்தில் அவள் மூக்கு தப்பாது.

அவளுடைய உடைகளில் உடுத்தாதது ஒன்றுகூட இல்லை. அவளுடைய கைக்குட்டைகள் எல்லாம் அழுது துடைத்த மாதிரி நனைந்து காய்ந்து விறைத்திருந்தன. நாளுக்கு ஒன்று என்று அவள் அடுக்கியிருந்த என் சட்டைகளில் மேலே வைத்த இரண்டு மட்டும்தான் அழுக்கு. மற்றவை அவள் தேய்த்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன.

அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு மூன்றாம் நாளுக்கான சட்டையை எடுத்து உதறினாள்.

"இதைப் போடுங்க."

"வீட்லதானே இருக்கோம், இப்ப எதுக்கு?"

"போடுங்கன்னா போடுங்க."

போட்டுக்கொண்டேன். பொத்தான்களைக் கழுத்துவரை அவளே மாட்டிவிட்டாள். நன்றாகக் கசங்கும்படி இரண்டு கையாலும் என்னை இறுக்கிக்கொண்டாள். பிறகு அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.