மூன்றாவது காரணம்

“நம் பகாங் மாநிலத்தில் அந்தக் காலத்தில் சகோதரர் போர் ஏன் வந்தது? எழுதிக்கொள்ளுங்கள். தம்பிக்காரனின் பேராசை!”

கரும்பலகைக்கு இந்தப் பக்கமிருந்து குணாளன் வாத்தியாரின் குரல்.

“அப்பா சாகும்போது சொன்னதை அண்ணன்காரன் அமுக்கிவிட்டான். போர் அதனால்தான் வந்தது!”

அந்தப் பக்கமிருந்து சுகுமாரன் வாத்தியாரின் குரல்.

தலைமையாசிரியர் நாகரத்தினம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு ஒரே கூடம்தான். நடுவில் நிற்கும் கரும்பலகைதான் சுவர். இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. ஒரே சரித்திரப் புத்தகம் வந்திருந்ததால் இரண்டுக்கும் ஒரே பாடம்.

வாத்தியார்கள் இருவரும் கூடப்பிறந்தவர்கள்; குணாளன் மூத்தவர். லோரி ஓட்டிய அப்பா, சாகும்போது தன் மோட்டார் சைக்கிள் சின்னவனுக்கு என்று சொன்னாராம். பெரியவன் காதில் அது விழவில்லையாம். மோட்டார் பெரியவனிடமே இருக்கிறது. பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடமாகிறது.

பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர் நாகரத்தினம். சாக்பீஸ் வேண்டுமென்றாலும் ஒருவர் சொல்லி, இவர் நடந்து, மற்றவரிடம் கேட்க வேண்டும்.

நாளைக்குப் பள்ளியைச் சோதிக்க நாஜிர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் நாகரத்தினத்துக்குத் தானா ராத்தா டவுன் பள்ளிக்கு மாற்றல் கிடைக்கும். இப்படி ஒரு போருக்கு இரண்டு கதை சொன்னால் கிடைத்த மாதிரிதான்!

அவர் குணாளனின் காதருகே குனிந்தார்.

“நாளைக்கு மட்டுமாச்சும் சண்டை வேணாம்லா, குணா.”

“நான் என்ன சார் சண்டை போடறேன்? அவனைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. எம்பிள்ளைங்களுக்கு நான் சொல்றது கேக்கல.”

நாகரத்தினம் பலகையைச் சுற்றிப் போனார். சுகுமாரனின் காதருகே குனிந்தார்.

“நீ மாடு மாதிரி கத்துறியாம். ஒங்கண்ணன் சொல்றாரு.”

சுகுமாரனின் முகம் சுருங்கியது. “சரி சார், கொறைச்சுக்கறேன். பகாங் மேப்பு ஒன்னுதானே இருக்கு? நாளைக்கு அண்ணனே வச்சிக்கட்டும். நான் பலகையில வரைஞ்சுக்கறேன்.”

நாகரத்தினம் திரும்பி வந்தார்.

“ஒன் ஓட்டை மேப்பு அவனுக்கு வேணாமாம், குணா.”

“பாத்தீங்களா சார், திமிர?”

“விடுப்பா. சின்னவன்தானே! நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்.”

பலகையின் ஓரத்தில், இரண்டு வகுப்பும் தெரிகிற இடத்தில், ஐந்தாம் வகுப்புத் தாமரை உட்கார்ந்திருந்தாள். பெரிய வாத்தியார் நாகரத்தினம் போகும்போது அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது. வரும்போது இந்தப் பக்கம் திரும்பியது.

பள்ளி விட்டதும், தன் வீட்டுப் பின்கொல்லையில் விளைந்த முட்டைக்கோஸ் ஒன்றைச் சுகுமாரன் கொண்டுவந்து கொடுத்தார். “எங்களால ஒங்களுக்குத்தான் சார் சிரமம்.” அதை மடியில் வைத்துக்கொண்டு, குணாளனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போல டவுனுக்கு இறங்கினார் நாகரத்தினம்.

‘நான் மட்டும் இல்லையென்றால் இவர்கள் வெட்டிக்கொண்டு செத்திருப்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டார். மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் பனி விலகும் முன்பே நாஜிர் பசுபதி வந்துவிட்டார். வந்ததும் ஐந்தாம் வகுப்பில்தான் கேள்வி.

“பகாங் சகோதரர் போருக்கு என்ன காரணம்?”

முதல் பெஞ்சு விஜயன் எழுந்தான். “தம்பி மேல தப்பு, சார்!”

பலகைக்குப் பின்னாலிருந்து யாரும் கேட்காமலே நான்காம் வகுப்பு மொத்தமும் கத்தியது. “அண்ணன் மேல தப்பு, சார்!”

நாஜிரின் புருவம் உயர்ந்தது.

“அண்ணன், தம்பி ரெண்டு பேரையும் சொல்லியாச்சு. புத்தகத்துல மூணாவதா ஒரு காரணம் இருக்கே. அது என்ன?”

குணாளன் சன்னலைப் பார்த்தார். பலகைக்கு அப்பால் சுகுமாரன் இருமினார். இருவருமே அதை நடத்தியிருக்கவில்லை. தானா ராத்தா மாற்றல் பனியோடு பனியாகக் கரைவதை நாகரத்தினம் கண்ணால் கண்டார்.

தாமரை எழுந்தாள்.

“வெளியாளுங்க, சார்.”

“விளக்கமாச் சொல்லும்மா.”

“அண்ணன்காரர்கிட்ட ஒரு மாதிரி, தம்பிக்காரர்கிட்ட ஒரு மாதிரி சொல்லிச் சொல்லி, சேரவுடாம வச்சிருந்தாங்க சார். அவுங்க சேந்துட்டா இவுங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒன்னும் கெடைக்காதுல்ல?”

“அடடா!” நாஜிர் கைதட்டியேவிட்டார். “புத்தகத்துல ‘வெளியார் தலையீடு’ன்னு ரெண்டே வார்த்தைதான் போட்டிருக்கான். இவ்வளவு தெளிவா ஒனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?”

“எங்க பெரிய வாத்தியாருதான், சார்!”

நாகரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, புன்னகையோடு ஓரடி முன்னால் வந்து நின்றார்.

“சபாஷ், சார்! எப்படி நடத்தினீங்க இதை?” என்று நாஜிர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதில் தாமரையிடமிருந்து வந்தது.

“தெனமும் பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயி, செஞ்சே காட்டுவாரு, சார்!”