அவள் வரும் காட்சி

தங்கச்சி செம்மொழி நடித்த படத்துக்கு அம்மாவைக் கைப்பிடித்துத் திருவாரூர் தியேட்டருக்குள் அழைத்துப்போனேன். படப்பிடிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது வேன் கவிழ்ந்து அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

படத்தில் நடிப்பதற்கு முன்பெல்லாம் வரப்பில் நின்று, நடவுப் பெண்கள் மாதிரியே பேசி வீடியோ போடுவாள். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். படக் கம்பெனியில், "கதாநாயகி முகம் போன்ல சும்மா கிடைக்கக் கூடாது" என்று அத்தனையையும் அழிக்கச் சொன்னார்கள். அழித்துவிட்டாள்.

வீட்டில் அவள் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறேன்.

"போட்டோவ வச்சு நான் என்ன பண்றது? இந்தப் படத்துலதான் எம்பொண்ணு மிச்சம் இருக்கா" என்பாள் அம்மா.

படம் ஓடியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சுகூட விடாமல் இருந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் அம்மா என் தோளைத் தொட்டாள். "பாப்பா எப்பப்பா வருவா?"

"முதல்லேர்ந்து இருக்காம்மா. கதாநாயகியே அவதானே."

"போடா. அது வேற யாரோ பொண்ணு."

டப்பிங் பேசுவதற்குள் அவள் போய்விட்டதால், சென்னையில் யாரையோ பேச வைத்திருக்கிறார்கள். பாவிகள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மணி அடித்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத அம்மா, காதை மறைத்த முந்தானையை ஒதுக்கிவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் பாதிப் படம் இருக்குல்ல. இனிமே வருவா."