இரண்டு நிறக் கைகள்

கோல்ஃப் ஆடும்போது வித்யாதரன் இடது கைக்கு மட்டும்தான் உறை போடுவார். முப்பது வருஷ வெயிலில் வலது கை கன்னங்கரேலென்று ஆகிவிட, உறைக்குள் இருந்த இடது கை மட்டும் வேறு யாருடையதோ போல வெளுத்துக் கிடந்தது. கல்யாண வீடுகளில் அந்தக் கைகளைப் பார்த்தே, "நாலு தடவை சாம்பியன் ஆனவர்தானே?" என்று வந்து பேசுவார்கள். மனைவி இருந்தவரை, "ரெண்டு ஆளுக்குல்ல சோறு போடுறேன்" என்று கேலி செய்வாள்.

ஆட்டத்தை விட்டு ஒன்பது வருஷம் கழித்து, ஒருநாள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபோதுதான் கவனித்தார். இரண்டும் ஒரே நிறம். அன்றைக்கே மலையேறி சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனார். அவருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு எல்லா மைதானங்களிலும் பின்னாலேயே நடந்தவர் சவரிமுத்து.

"எல்லாம் போயிடுச்சு சவரி. பாரு" என்று கைகளை நீட்டினார்.

சவரிமுத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தோளை விலக்கிக் காட்டினார். பையின் வார் அழுத்தி அழுத்தி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"இது போகல சார். குளிச்சா தண்ணி நிக்குது."

முப்பது வருஷமாக அவருக்கு முன்னே நடந்த வித்யாதரன் அந்தத் தோளை அன்றுதான் பார்த்தார். தயங்கித் தயங்கி இடது கையை அதன்மேல் வைத்தார். சவரிமுத்து, பழக்கத்தில், தோளைச் சற்றே தாழ்த்திக் கொடுத்தார்.