ஏழாவது பெட்டியின் கைப்பிடி

"குடிகாரன் கையில ஆயிரம் டன் நிலக்கரியைக் கொடுத்து மலையிறக்கிட்டு வாடான்னா என்ன ஆகும்?"

ஓர்வில் ஹாஸ்க் மைக்கில் கேட்டான். சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்கள்.

கோடை முழுக்க, ஒரு நாளைக்கு ஐந்து முறை, பெல்நாப் ஊருக்கே இந்தக் கேள்வி கேட்கும். நிலையத்துக்கு எதிரே உணவகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, அதன் மாடியிலேயே பகலில் தூங்கப் பார்க்கும் வெர்னா டகெட்டுக்கும் கேட்கும். பதினாறு கோடைகளாக.

குடிகாரன் என்பது அவளுடைய அப்பா.

இன்று அவள் மாடிக்குப் போகவில்லை. வேலை உடுப்போடு கூட்டத்தின் முன்னால் வந்து நின்றாள். வலது கை ஏப்ரன் பைக்குள் இருந்தது.

"நான் காபி சொல்லலயே, வெர்னா," என்றான் ஓர்வில். மறுபடியும் சிரிப்பு.

அவனுக்குப் பின்னால் சிவப்புப் பூச்சோடு நின்றது அந்தச் சரக்குப் பெட்டி. 1961 ஜனவரியில் கணவாயிலிருந்து கட்டுமீறி இறங்கிக் கவிழ்ந்த பதினெட்டில் ஏழாவது. மற்ற பதினேழையும் கம்பெனி ஒரே வாரத்தில் பழைய இரும்புக்கு அனுப்பியது. இதை மட்டும் ஊருக்குக் கொடுத்தது. நீராவி ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் இதன் கதவருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கடையில் எட்டு டாலருக்குக் கோப்பை வாங்குகிறார்கள். கோப்பையில் பாட்டிலோடு எஞ்சினிலிருந்து எட்டிப் பார்க்கும் பொம்மைக்கு அப்பாவின் மீசை.

கோப்பையாவது உடையும். இன்று பெட்டியில் பொருத்தப்போகும் வெண்கலத் தகடு உடையாது. "ஓட்டுநர் லெஸ்டர் டகெட்டின் குடிபோதையால்" என்றுதான் அது தொடங்குகிறது. நகர மன்றத்து ஆள் ஒருவன் தகடும் திருப்புளியுமாக ஓரத்தில் காத்திருந்தான்.

அப்பா குடிப்பார். வேலை நாளில் குடிக்கமாட்டார். வெர்னா இதை மன்றத்தில் இரண்டு தடவை எழுந்து சொன்னாள். ஆதாரம் கேட்டார்கள்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றான் ஓர்வில்.

"எனக்கு இருக்கு. உச்சியில ரயில் நின்னப்ப பிரேக்மேன் என்ன செய்யணும்?"

"ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு கைப்பிடி இருக்கும். நடந்து போய் எல்லாத்தையும் திருப்பணும். இறக்கத்துல பிரேக் காத்து மொத்தமா போயிடாம அது பிடிச்சு வைக்கும்." கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "நான் திருப்பினேன். பதினெட்டையும். ஜீரோவுக்குக் கீழ முப்பதுல."

ரயிலில் பிழைத்தது பிரேக்மேன் ஓர்வில் மட்டும்தான். விசாரணையில் பேசியதும் அவன் மட்டும்தான்.

"திருப்பினா எப்படி இருக்கும்?"

"படுத்திருக்கும்."

"திருப்பலன்னா?"

"தொங்கும். ஏன், வேலைக்குச் சேரப் போறியா?"

யாரும் சிரிப்பதற்குள் அவள் சொன்னாள். "அப்ப கொஞ்சம் பின்னாடி பாருங்க."

பெட்டியின் முனையில், ஏணிக்குப் பக்கத்தில், படம் எடுக்க யாரும் போகாத மூலையில், கைப்பிடி நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த ஆளுதான் கொன்னானா?" என்று தொப்பிக்காரர் ஒருவர் மனைவியிடம் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

நகர மன்றத்து ஆள் திருப்புளியைக் கீழே வைத்தான்.

அப்பா சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியை வைத்துக் காட்டியிருக்கிறார். படுத்தால் பிடிக்கும், தொங்கினால் விட்டுவிடும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் குளிர்காலமே அவர் போய்விட்டார்.

ஓர்வில் ஏணியருகே போய்க் குனிந்தான். அவன் பார்த்தது கைப்பிடியை அல்ல, அது சுழலும் ஆணியை. ஒவ்வொரு மே மாதமும் இந்தப் பெட்டிக்குப் பூச்சு அடிப்பவன் அவன்தான். ஆணியைச் சுற்றிலும் நாற்பது வருடச் சிவப்பு வெடித்திருந்தது. உள்ளே இரும்பு பளபளத்தது.

நிமிர்ந்து அவளுடைய ஏப்ரன் பையைப் பார்த்தான்.

மைக்கை அணைத்தான். அவள் காதருகே வந்தான். வாயில் புகையிலை நாற்றம்.

"இந்தப் பெட்டியில நான் திருப்பினேன், வெர்னா. நாப்பது வருஷமா அது படுத்துதான் இருந்துச்சு. இந்த ஏழாவதோட என் விரல் விறைச்சுப் போச்சு. பின்னாடி இருந்த பதினொண்ணைத்தான் விட்டுட்டேன்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"போ, சொல்லு. சொல்லும்போது அந்தக் கையை வெளிய எடுத்துக் காட்டிட்டுச் சொல்லு."

மைக் மறுபடி கரகரத்தது.

"பழைய சாமான்," என்றான் ஓர்வில் கூட்டத்திடம். "நேத்து அடிச்ச காத்துல விழுந்திருக்கும். இல்லயா, வெர்னா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தொப்பிக்காரர் பார்த்தார். நகர மன்றத்து ஆளும் பார்த்தான், வெகுநேரம்.

பைக்குள் அவள் கட்டைவிரல் மற்ற நகங்களுக்கு அடியிலிருந்த சிவப்புத் துணுக்குகளைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

நகர மன்றத்து ஆள் குனிந்து திருப்புளியை எடுத்தான்.