நாற்பதாவது நட்சத்திரத்தின் இரும்பு

அந்த விண்மீன் கொத்தில் அளக்க வேண்டியவை நாற்பது நட்சத்திரங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு என்று ஹேமலதாவும் சாலமனும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவார்கள். நிறமாலையில் ஒளியின் மேல்மட்டத்தைக் குறிக்க சாலமன் போடும் கோடு எப்போதும் அவள் கோட்டுக்கு மயிரிழை மேலே நிற்கும். அதனால் அவர் கணக்கில் இரும்பும் கொஞ்சம் கூடும்.

"கண்ணாடியை மாத்துங்க சார்."

"நீ கஞ்சத்தனத்தை மாத்தும்மா."

முப்பத்தொன்பதாவதை முடித்த வாரம் சாலமன் இறந்துபோனார்.

"அவரோட கடைசி எண்ணையும் நீங்களே போட்டுடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஆய்வகத்தின் இயக்குநர்.

ஹேமலதா தன் எண்ணைப் பதிந்தாள். பிறகு சாலமனைப் போலவே கோட்டைச் சற்று உயர்த்தி, வந்த எண்ணைப் பட்டியலில் அவர் கட்டத்தில் இட்டாள். அதே பழைய வித்தியாசம். சண்டைக்குத்தான் யாரும் வரவில்லை. அந்த எண்ணை அழித்தாள். கட்டத்தைக் காலியாக விட்டே பட்டியலை அனுப்பினாள்.