சகலையின் அல்வா

தன் சகலை தவசிலிங்கம் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்குகளை வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டதும், குடும்பத்தார் எல்லார் முன்னாலும் பரமகுரு சிரித்தார். "அது தேறாது, வித்துருங்க." மறுநாளே, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் மனைவிக்குக்கூடத் தெரியாமல் அதே பங்கில் போட்டார். சகலைக்கு மட்டும் லாபம் வருவதை அவரால் பொறுக்க முடியாது.

பங்கு பாதாளத்தில் விழுந்த வாரம் தவசிலிங்கம் அல்வாவோடு வந்தார். இருபது வருடத்தில் முதல்முறையாகப் பரமகுருவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேச்சைக் கேட்டு அன்னைக்கே வித்துட்டேன் அண்ணாச்சி. இல்லன்னா தெருவுக்கு வந்திருப்பேன்."

"அவுக எதையும் யோசிச்சுத்தான் சொல்லுவாக," என்றாள் பரமகுருவின் மனைவி, பூரிப்போடு.

"அடுத்து எதை வாங்கலாம், சொல்லுங்க," என்றார் தவசிலிங்கம்.

வாயிலிருந்த அல்வாவை விழுங்கிவிட்டு, பரமகுரு நிதானமாக ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார்.